லாபமும் ஜீரோவும்

சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லப்படுகிறது என்று எவரும் கணக்கெடுக்காத வாக்கியம் ஒன்று உண்டு. மயிலாப்பூரில் லஸ் முனையை ஒட்டியும், தியாகராய நகரின் நெரிசலுக்கு நடுவிலும், அடையாற்றின் லாட்டிஸ் பாலச் சாலையிலும் அதே சொற்கள்தாம், ஏறக்குறைய அதே தொனிதான்: "ஜீரோ பாத்துக்கங்க சார்." சொல்பவர் பெட்ரோல் பங்க் ஊழியர். கேட்பவர் வண்டிக்காரர். சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நாமும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இருவர் பார்வையும் மீட்டரின் மேல் ஒரு கணம் கூடிப் பிரிகிறது. அதன் பிறகுதான் பெட்ரோல் ஓடத் தொடங்குகிறது.

வணக்கமும் அன்று, நன்றியும் அன்று. ஆயினும் இது ஒரு மரியாதைச் சொல்தான். வேறெந்தக் கடையிலும் வியாபாரி தன் தராசின் முள்ளை வாடிக்கையாளர் பார்த்தாக வேண்டும் என்று இப்படி நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, எதை ஈடு செய்வதற்காக வந்தது என்று பின்னோக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருளின் தன்மையைக் கவனிப்போம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறோம். வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிறோம், தேங்காயைத் தட்டிக் காதருகே ஆட்டுகிறோம், துணியைத் தடவுகிறோம், காப்பிப் பொடியை முகர்கிறோம். பெட்ரோலுக்கு மட்டும் இவை எதுவும் இல்லை. தரைக்கடியில் புதைந்த தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் வழியாகவும் ரப்பர் குழாய் வழியாகவும் வந்து நம் வண்டியின் தொட்டிக்குள் அது மறைந்துவிடுகிறது. ஐம்புலன்களுள் மூக்குக்கு மட்டும் கொஞ்சம் வேலை உண்டு. அந்த மூக்காலும் அளவை அறிய முடியாது. நடுத்தரக் குடும்பம் தன் வருமானத்தில் கணிசமான பங்கைச் செலவிடும் ஒரு பொருளை, கண்ணால் காணாமலேயே வாங்குகிறது. பெட்ரோல் பங்க்கில் நாம் கடைப்பிடிக்கும் பழக்கங்களில் பெரும்பாலானவை, காணாத பொருளைக் கண்டதாக ஆக்கிக்கொள்ளும் முயற்சிகளே.

தமிழ்ச் சமூகத்துக்கு அளவை என்பது புதிய கவலை அன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் இருந்ததைப் பட்டினப்பாலை தனிச் சிறப்பாகவே எடுத்துச் சொல்கிறது. பாராட்டும் அளவுக்கு அது அரிதாக இருந்தது என்றும் அதை வாசிக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலுக்கே 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அளவுக்கருவியில் கை வைப்பவன் கடவுள் மேல் கை வைப்பவனாகிறான். அரசனுடைய ஆணையையும் ஆண்டவனுடைய பெயரையும் ஒரு மரக்காலின் மேல் ஏற்றிவைக்கும் தேவை அன்றைக்கே இருந்தது.

வீட்டளவிலும் அளத்தலுக்குச் சடங்கு உண்டு. களத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லிப் போட்டு, அதற்கடுத்ததைத்தான் 'இரண்டு' என்று எண்ணுவது வழக்கம். படியைக் குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதில் அளப்பவரின் மனம் தெரியும். காய்கறிக்காரம்மாவிடம் கறிவேப்பிலையோ கொத்துமல்லியோ கொசுறாகக் கிடைக்கும். எண்ணெய்க் கடையிலோ வேறொரு முறை. ஆழாக்கில் மொண்ட எண்ணெயைச் சீசாவின் புனலில் கவிழ்த்துவிட்டு, கடைக்காரர் உடனே கையை எடுக்கமாட்டார். ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய் வடியும்வரை ஆழாக்கைக் கவிழ்த்தே பிடித்திருப்பார். அந்தச் சில நொடிகள்தாம் அவருடைய நாணயம். பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கும் அந்த நொடிகள் தெரியும்.

பெட்ரோல் போட்டு முடிந்ததும் ஊழியர் நாசிலைத் தொட்டியின் வாயில் இரண்டு முறை தட்டுகிறாரே, சில வண்டிக்காரர்கள் தாமே ரப்பர் குழாயைத் தூக்கிப் பிடித்து உள்ளிருப்பதை வடியவிடுகிறார்களே, அது கவிழ்த்துப் பிடித்த ஆழாக்கின் வாரிசு என்றே நமக்குத் தோன்றுகிறது. தட்டுவதால் கிடைப்பது சில துளிகள்தாம். ஆனால் தட்டாமல் நாசிலை எடுத்துவிட்டால் நம்மில் பலருக்கு ஏதோ குறைகிறது.

இனிச் சென்னைக்கு மோட்டார் வந்த கதைக்கு வருவோம். பாரி நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.ஜே. யார்க் என்பவர் 1901இல் அடையாறு பென்ஸ் கார்டனிலிருந்து பாரிமுனை அலுவலகத்துக்குத் தம் காரில் போய்வந்தார் என்பது சென்னை வரலாற்றாளர்கள் பதிவு செய்துள்ள செய்தி. அதாவது நகரின் முதல் காருக்குத் தென்சென்னையே வீடு. பதிவு எண் முறை வந்தபோது எம்.சி. 1 என்ற எண் சென்னைத் துறைமுகத்தை உருவாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் வண்டிக்குக் கிடைத்தது. உயர் நீதிமன்றம் முதலிய செந்நிறக் கட்டடங்களைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியின் வண்டிக்கு எம்.சி. 3. கார் வைத்திருந்த முதல் இந்தியச் சென்னைவாசி அவர்.

இந்த முன்னோடிகளுக்குப் பங்க் என்று ஒன்று இல்லை. எரிபொருள் தகர டின்களில் வந்தது. புனல் வைத்து, துணியிலோ பதனிட்ட தோலிலோ வடிகட்டி ஊற்றிக்கொண்டார்கள். உலகெங்கும் தொடக்கம் இப்படித்தான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் பிள்ளைகள் இருவருடன் முதல் நெடும்பயணம் புறப்பட்டபோது, வழியில் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார். அக்காலத்தில் அது கறை நீக்கப் பயன்பட்ட திரவம். மருந்துக் கடையில் சீசாவில் விற்றது. சீசாவிலும் டின்னிலும் விற்ற காலத்தில் வாங்குபவர் பொருளைக் கண்ணால் பார்த்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

சென்னைக்கு மண்ணின் எண்ணெய் முதலில் விளக்கெரிக்கத்தான் வந்தது. மண்ணெண்ணெய், சீமை எண்ணெய் என்பதன் மருவலான சீமெண்ணெய், கெரசின் ஆயில் என்பதைக் கண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்த்த கிருஷ்ணாயில் என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள். 'பெட்ரோலியம்' என்ற சொல்லுக்கே பாறை எண்ணெய் என்பதுதான் இலத்தீன் வழிப் பொருள். ஆகவே 'மண்ணெண்ணெய்' என்று முதலில் சொன்ன பெயர் தெரியாத தமிழர், தற்காலக் கலைச்சொல் குழுக்களுக்கு வெகு முன்பே சரியாக மொழிபெயர்த்துவிட்டார். 'கன்னெய்' என்ற பிற்காலச் சொல்லாக்கமும் அதே வழியில் வந்ததுதான். அதைச் சொல்லிப் பங்க்கில் பெட்ரோல் கேட்டவர் எவரும் உண்டா என்பது வேறு விஷயம்.

அந்த எண்ணெயை நகரம் ஒரே ஒரு முறை முழுமையாகக் கண்ணால் கண்டது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு பொழிந்தது. தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் ஊரை விட்டு வெளியேறத் தலைப்பட்டனர். கெட்டிக்காரனையும் எமகாதகனையும் 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு அந்த இரவின் மிச்சம். அதன் பின்னர் எண்ணெய் மீண்டும் தொட்டிகளுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் மறைந்துகொண்டது.

பம்பின் வரலாறும் மண்ணெண்ணெயில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரில் சில்வேனஸ் பவுசர் என்பவர் 1885இல் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு விற்ற கைப்பம்பு, மண்ணெண்ணெய் அளந்து கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அவர் பெயர் இன்றும் நம் மொழியின் ஒரு கிளையில் வாழ்கிறது: இலங்கைத் தமிழில் எண்ணெய் கொண்டுவரும் லாரிக்குப் 'பவுசர்' என்றே பெயர்.

பிறகு வந்த பம்புகள் சிலவற்றின் உச்சியில் கண்ணாடிக் குடுவைகள் இருந்தன. ஊழியர் கைப்பிடியை இழுத்து இழுத்து அடிக்க, பெட்ரோல் குடுவையில் ஏறி அளவுக் கோட்டைத் தொடும். வாங்குபவர் பார்த்தபின் வண்டிக்குள் இறங்கும். இரண்டு குடுவைகள் இருந்தால் ஒன்று வடியும்போது மற்றது நிரம்பும். 'பெட்ரோல் அடிக்கணும்' என்று நாம் சொல்வது அந்தக் கைப்பிடியின் நினைவாக இருக்கலாம். அடிபம்பில் தண்ணீர் 'அடிப்பது' போலத்தான் இதுவும். மீட்டரைத் தொட்டாலே ஓடும் இன்றைய எந்திரத்திலும் நாம் பெட்ரோலை 'அடித்து'க்கொண்டிருக்கிறோம். அந்தக் கண்ணாடிக் குடுவை ஆழாக்குக்கும் மீட்டருக்கும் இடைப்பட்ட கட்டம். பொருள் கண்ணுக்குத் தெரிந்த கடைசிக் கட்டமும் அதுவே.

'பங்க்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கே 'பெட்ரோல் பம்ப்' என்பார்கள், தெற்கேதான் 'பங்க்'. சென்னையில் பீடி சிகரெட் விற்கும் பெட்டிக்கடையும் 'பங்க் கடை'தான் என்பதால், சாலையோரச் சிறு கூண்டைக் குறித்த சொல் பம்பு வைத்த கூண்டுக்கும் ஆகிவந்தது எனலாம். இலங்கையில் அதுவே 'பெற்றோல் செட்'. நம்மவரில் பலர் 'பெட்ரோல் பங்கு' என்று உகரம் சேர்த்து எழுதுகிறார்கள். பிழைதான், ஆனால் பங்கீட்டுக் காலம் ஒன்று வந்தபோது அந்தப் பிழையும் பொருத்தமாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டுக்குள் வந்தது. பேருந்துகளின் பின்புறத்தில் கரி அடுப்பு ஏறியது. கரியை எரித்து எழும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் தயாரித்து விற்றது. கரி கேஸ் பஸ்ஸில் ஏறிய வெள்ளை வேட்டி எந்த நிறத்தில் இறங்கியது என்பதை அந்தத் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கார் வைத்திருந்தவருக்கும் கையில் காசிருந்தால் போதாது, கூப்பனும் வேண்டும் என்ற நிலை அப்போதுதான் முதலில் வந்தது. பணம் கொடுத்தாலும் கிடைக்காத பொருள் என்ற அச்சம் பெட்ரோலைச் சுற்றி அன்று படிந்தது. இன்றுவரை முழுதும் விலகவில்லை.

விடுதலைக்குப் பின் அளவை மாறியது. மெட்ரிக் முறை 1956இல் சட்டமாகி, 1960களின் தொடக்கத்தில் கேலன் போய் லிட்டர் வந்தது. 1928இல் உருவான பர்மா ஷெல்லின் இந்திய விநியோகக் கம்பெனி 1976இல் அரசுடைமையாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆனது. 1974இல் எஸ்ஸோ இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. சென்னைக்கான பெட்ரோல் 1969 முதல் மணலியில் அமைந்த மெட்ராஸ் ரிபைனரீஸ் ஆலையிலேயே வடிக்கப்பட்டது. தென்சென்னையில் நாம் போடும் பெட்ரோலுக்கு வடசென்னையே புகையையும் நெடியையும் ஏற்றுக்கொண்டது.

இந்தக் காலத்தில்தான் மீட்டர் என்ற எந்திரம் கண்ணாடியின் இடத்தைப் பிடித்தது. உருளும் எண்கள் பொறித்த சக்கரங்கள். ஒருவருக்குப் போட்டு முடித்ததும் எண்கள் அப்படியே நிற்கும். அடுத்தவருக்குத் தொடங்குமுன் அவற்றைத் திருப்பி ஜீரோவுக்குக் கொண்டுவர வேண்டும். திருப்ப மறந்தாலோ, மறந்ததாக நடித்தாலோ முந்தியவர் வாங்கியதற்கும் சேர்த்து நாம் பணம் தருவோம். களத்து மரக்காலில் 'லாபம்' என்று தொடங்கிய எண்ணிக்கை, பங்க்கில் 'ஜீரோ' என்று தொடங்கியாக வேண்டிய காரணம் இதுதான். அளப்பவர் நன்மையை வேண்டிச் சொன்னது முன்னது. அளப்பவர் மேல் ஐயமே இல்லாதவாறு ஆக்கச் சொல்வது பின்னது.

மற்றப் பழக்கங்களும் அந்த ஆண்டுகளில் உருவானவையே. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ அம்பாசடரோ பியட்டோ, காரின் பெட்ரோல் மூடிக்குப் பூட்டு இருந்தால் உள்ளிருந்தபடியே சாவியை நீட்டுவது; ஊழியர் திறந்து, போட்டு, பூட்டி, சாவியைத் திருப்பித் தருவது. காற்று பார்த்துவிட்டுச் சில்லறை கொடுப்பது. ஸ்கூட்டர்காரர்களுக்கு வேறு நெறி: இறங்கி, இருக்கையைத் தூக்கி, பெட்ரோலோடு ஆயிலும் கேட்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டும் கலந்தாக வேண்டும் என்பதால், போட்டு முடித்ததும் வண்டியை இரு பக்கமும் பிடித்துக் குலுக்குவார்கள். 1980இல் வந்த டி.வி.எஸ். 50 அந்தக் குலுக்கலைத் தெருத்தெருவாகப் பரப்பியது. வழியில் வண்டி நின்றால் முதலில் ரிசர்வ். அதுவும் தீர்ந்தால் வண்டியைத் தரையோடு சாய்த்து மூலையிலிருக்கும் துளிகளைக் குழாய்க்கு அனுப்பிப் பங்க் வரை ஓட்டுவது. ஆட்டோவில் சவாரி போகும்போது பங்க்கில் நிறுத்தி, "ஒரு அம்பது ரூவா குடு சார், எறங்கறப்ப கழிச்சுக்கலாம்" என்று கேட்பதும் சென்னைக்கே உரிய ஒரு முன்பண மரபு. ஆயுத பூஜையன்று பம்புகள் சந்தனம் குங்குமத்தோடும் மாலையோடும் நிற்கும். அன்று மட்டும் எந்திரத்தை நாம் மரக்காலைப் பார்த்த கண்ணோடு பார்க்கிறோம்.

அளவுக்கு அடுத்த ஐயம் தரம். மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைத்ததாலும் பெட்ரோலும் டீசலும் அதைவிட விலை மிகுந்திருந்ததாலும் கலப்படம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றியது அதைத் தடுக்கத்தான். கர்நாடகத்துக் கோலார் தங்கவயலில் வளர்ந்த சண்முகம் மஞ்சுநாத், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தில் பணியாற்றினார். லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படத்துக்காக ஒரு பங்க்கின் மேல் நடவடிக்கை எடுத்தார். மீண்டும் சோதிக்கச் சென்றபோது 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. கொலையாளியின் ஆயுள் தண்டனையை 2015இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நாம் பார்க்காமல் வாங்கும் பொருளை நமக்காகப் பார்க்கப் போன ஒருவரின் கதை இது. இரண்டு கண்கள் மீட்டரைப் பார்த்தால் போதும் என்று நாம் இருக்க, மீட்டர் காட்டாததைப் பார்க்கும் வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதை அது காட்டியது.

மீட்டரே பொய் சொல்லுமா என்ற கேள்விக்கு 2017 ஏப்ரலில் லக்னோவில் விடை கிடைத்தது. பம்புகளுக்குள் மின்னணுச் சில்லுகளைப் பொருத்தி அளவைக் குறைத்த பங்க்குகளைச் சிறப்புக் காவல் படையினர் பிடித்தனர். ஜீரோவிலிருந்துதான் எண் தொடங்கியது. ஆனால் எண்ணுக்கும் எண்ணெய்க்கும் இடையே ஒருவர் புகுந்துவிட்டார். இத்தகைய செய்திகள் பரவும்போது மக்கள் தமக்கான தற்காப்பு வழிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். நூறு ரூபாய்க்குப் போடாமல் நூற்றுப் பத்துக்கும், ஐந்நூறுக்குப் போடாமல் ஐந்நூற்று முப்பதுக்கும் போடுவது அவற்றுள் ஒன்று. முழு எண்களுக்கான பொத்தான்களில்தான் தில்லுமுல்லு இருக்கும் என்பது நம்பிக்கை. விடிகாலையில் போட்டால் குளிர்ச்சியில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், கூடுதல் கிடைக்கும் என்பது இன்னொன்று. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவடையும் என்பது உண்மையே. ஆனால் நிலத்தடித் தொட்டியின் வெப்பநிலை ஒரு நாளுக்குள் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஆதாயமும் இல்லை. நம்பிக்கை தவறாக இருக்கலாம்; அதன் வேரிலுள்ள கவலை பொய்யன்று.

விலை தொடர்பாகவும் ஒரு பழக்கம் பிறந்து மறைந்திருக்கிறது. நள்ளிரவு முதல் விலை உயர்வு என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடிய மாலைகளை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தவர்கள் உண்டு. லிட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் காலை 6 மணிக்கு மாறலாம் என்ற முறை நாடெங்கும் வந்தது. சில காசுகளாக ஏறும் விலைக்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை. 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது முந்தைய இரவு பங்க் வாசலில் கூட்டம் இல்லை. விலை உயர்வு நின்றுவிடவில்லை. அதைக் கூடி எதிர்கொள்ளும் அந்த ஒரு மாலைதான் இல்லாமல் போயிற்று.

வரிசைகள் மீண்டது வேறு காரணங்களால். அடையாறு பெருகிய 2015 டிசம்பரில் நகரின் தென்பகுதிகளில் திறந்திருந்த பங்க்குகளைத் தேடி அலைந்தோம். 2016 நவம்பர் 8க்குப் பின் செல்லாத நோட்டுகளை டிசம்பர் 2 வரை ஏற்ற இடங்களுள் பங்க்கும் ஒன்றாக இருந்தது. சில்லறை தர இயலாமையால் "ஐந்நூறுக்கும் போட்டுடட்டுமா?" என்பது அந்நாட்களின் கேள்வியாயிற்று.

வரிசையில் நிற்பதன் உச்சத்தை அறிந்தவர்கள் நாம் அல்லர், ஈழத்தமிழர்கள். 1990களின் முற்பகுதியில் வடபகுதிக்கு எரிபொருள் தடை செய்யப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்தில் துளியளவு பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டினார்கள். விளக்குக்கு வந்த எண்ணெய் வண்டிக்கு வந்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் இலங்கை முழுவதும் பெற்றோல் செட் வாசல்களில் நாட்கணக்கில் வரிசை நின்றது. நின்றபடியே உயிர் விட்ட முதியவர்களும் உண்டு. அந்த ஜூலையில் க்யூ.ஆர். அட்டை முறை வந்தது: வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. 2023 செப்டம்பரில்தான் அது விலக்கப்பட்டது. அங்கே கவலை ஜீரோவில் தொடங்குகிறதா என்பதன்று. தன் முறை வரும்போது தொட்டியே ஜீரோவாகிவிடுமோ என்பது.

இன்னொரு கரையில், அமெரிக்காவுக்குப் போன தமிழர்கள் பெரும்பாலான மாநிலங்களில் தாமே கார்டைத் தேய்த்து, தாமே நாசிலை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நம்மவர் நிறைந்த நியூஜெர்சியில் மட்டும் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் ஊழியர்தான் போட வேண்டும். தாமே போட்டுக்கொள்ளும் இடத்தில் 'ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல ஆளில்லை. ஐயப்படவும் ஆளில்லை. எந்திரத்தின் மேல் ஐயம் வந்தால் அரசிடம் போக வேண்டியதுதான்.

இங்கேதான் நம் வழக்கத்தின் மறுபக்கம் தெரிகிறது. 'ஜீரோ' என்று சொல்லும் இளைஞரை இரண்டு பேர் சந்தேகிக்கிறார்கள். ஒருவர் வாடிக்கையாளர், மற்றவர் முதலாளி. ஷிப்ட் முடியும்போது பம்பின் மொத்தக் கணக்கு மீட்டரில் எத்தனை லிட்டர் போயிருக்கிறதோ அத்தனைக்கும் பணம் அவர் பையில் இருக்க வேண்டும். குறைந்தால் பல இடங்களில் அவர் சம்பளத்தில்தான் கழியும். பணம் தராமல் ஒருவர் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாலும், நெரிசலில் சில்லறையை மாற்றிக் கொடுத்துவிட்டாலும் நட்டம் அவருடையதே. கைப்பேசி கூடாது என்ற அறிவிப்புக்குக் கீழேயே க்யூ.ஆர். அட்டை மாட்டியிருக்கும் இக்காலத்தில், யூ.பி.ஐ.யில் பணம் வந்து சேர்ந்ததா என்று ஒலிப்பெட்டி சொல்லும்வரை அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். ஆகவே 'ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது நமக்குத் தரும் உறுதிமொழி மட்டுமன்று, நம்மைத் தனக்குச் சாட்சியாக அழைப்பதும்கூட. பிறகு எழும் எந்தச் சண்டையிலும் 'நான் சொன்னேன், அவர் பார்த்தார்' என்பதே அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு.

அந்த அழைப்பை நாம் எப்படி ஏற்கிறோம்? பெரும்பாலும் தலையைக்கூட அசைப்பதில்லை. கைப்பேசியில் கண்ணை வைத்தபடி 'உம்' என்கிறோம். எண்ணெய்க் கடைக்காரரின் ஆழாக்கையும் அவர் முகத்தையும் ஒருசேர அறிந்திருந்த சமூகம், எண்ணை மட்டும் பார்க்கப் பழகி, இப்போது எண்ணையும் பார்ப்பதில்லை. ஏமாற்றப்படுகிறோம் என்ற புலம்பல் மட்டும் குறையவில்லை.

சட்டம் நமக்கு வாய்ப்பளித்தே இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்குவளை இருந்தாக வேண்டும். ஐயமிருந்தால் அதில் அளந்து காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லிவரைதான் பிழை பொறுக்கப்படும். வடிதாள் கேட்டு ஒரு துளி விட்டுப் பார்க்கலாம்: நல்ல பெட்ரோல் கறையின்றி ஆவியாகும், கலப்படம் கறை வைக்கும். அடர்த்தி சோதிக்கச் சொல்லலாம். குடிநீரும் கழிவறையும் காற்றும் இலவசமாகத் தரப்பட வேண்டும். இவற்றைக் கேட்பது சண்டையன்று. கேட்கும் தொனியில்தான் சண்டையாகிறது. முதலாளியிடம் கேட்க வேண்டியதை நாசில் பிடித்த பையனிடம் கத்தித் தீர்த்துக்கொள்கிறோம். அளவுக்குவளையைக் கொண்டுவரச் சொல்லும் பொறுமையோ நமக்கு இல்லை.

2023இல் புழலில் சிறைத்துறை ஒரு பங்க்கைப் பெண் கைதிகளிடம் ஒப்படைத்தது. தண்டனை பெற்றவர்கள் கையில் மீட்டரும் பணப்பையும். வண்டிகள் வருகின்றன, பெட்ரோல் போடுகிறார்கள், கணக்கு நேராக இருக்க வேண்டும். அரசு அவர்கள் மேல் வைத்த நம்பிக்கையை வாடிக்கையாளர்களும் நாள்தோறும் வைத்தால்தான் அந்த ஏற்பாடு நடக்கும். சுதந்திரமாக வெளியே வேலை செய்யும் ஊழியருக்கு அதைவிடக் குறைவாக நாம் தர வேண்டியதில்லை. எண்ணைப் பார்ப்போம்; பார்த்துவிட்டதை அவரிடம் வாய்விட்டுச் சொல்வோம்; ஷிப்ட் முடியும்போது அவர் கணக்கு நேராவதற்கு நம் பங்குக்குச் சரியான சில்லறையை எடுத்துவைத்துக் கொடுப்போம்.